ரொட்டியைத் தின்றது யார்?

கேள்வி: பலர் இணையத்தில் சேர்ந்து எழுத்து வடிவில் ஆடும் மட் விளையாட்டை, மட்லெட் என்ற மென்பொருளில் ஆடுகிறேன். 'யூ ஆர் ஹங்ரி' என்று வந்தால் ரொட்டி தின்ன ஒரு டிரிக்கர் (குறித்த சொற்கள் திரையில் வந்ததும் கட்டளையைத் தானே அனுப்பும் அமைப்பு) வைத்தேன். நேற்றுப் பசியே இல்லாமல் பத்து ரொட்டியும் காலி. ஏன்?

பதில்: யாரோ அரட்டையில் அதே சொற்களைத் தட்டிவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள். என்னை இப்படித்தான் சண்டை நடுவில் வாளைக் கீழே போட வைத்தார்கள், பாவிகள்! 'சப்ஸ்டிரிங்' வகை டிரிக்கர், வரியில் எங்கே அந்தச் சொற்கள் இருந்தாலும் பாயும். 'எக்ஸாக்ட் மேட்ச்' ஆக்கி, கடைசிப் புள்ளி உட்பட முழு வரியையும் கொடுங்கள். ரெஜெக்ஸ் (தேடும் சொல் வடிவைக் குறிகளால் எழுதும் முறை) என்றால் வரித் தொடக்கத்தைக் காட்ட முன்னால் ^, முடிவைக் காட்ட பின்னால் $. அப்புறம், சர்வர் ஜிஎம்சிபி என்ற தகவல் அனுப்பும் முறையைத் தந்தால் உயிரளவு போன்ற விவரங்கள் திரை வரிகளோடு கலக்காமல் தனியே வரும். மட்லெட்டின் நிரல்மொழியான லுவாவில் அதைப் படியுங்கள். அரட்டையில் தட்டி அதை ஏமாற்ற முடியாது.