சாப்ட்ட உடனே டாய்லெட் வருது, சாப்பாடு ஒட்டவே இல்லையா டாக்டர்?

கேள்வி: வயசு 27, ஆண். காலைல நாலு இட்லி சாப்ட்டு கை கழுவுறதுக்குள்ள வயித்த கலக்கிடுது, ஓடணும். மதியமும் சில நாள் அப்படித்தான். தின்னது அப்படியே வெளிய போயிடுது, அதான் சதை புடிக்கலன்னு அம்மா சொல்றாங்க. டானிக் ஏதாவது எழுதுங்க டாக்டர்.

பதில்: டானிக் இப்போதைக்கு வேணாம் தம்பி. 8 மணிக்கு உள்ள போன இட்லி 8.15க்கு வெளிய வர வழியே இல்ல, வர்றது நேத்தோ முந்தாநாளோ சாப்ட்டது. இட்லி அந்நேரம் இரைப்பையிலதான் கெடக்கும், அது கூழாகி கொஞ்சம் கொஞ்சமா சிறுகுடலுக்கு எறங்க 2லருந்து 4 மணி நேரம் ஆகும், எண்ணெய் ஊத்துன பரோட்டான்னா இன்னும் லேட்டு. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், பித்தநீரும் கணையநீரும் அங்கதான் வந்து சேரும், சத்து ஒட்டுறதெல்லாம் பெரும்பாலும் அங்கயே முடிஞ்சிடும். சர்க்கரையும் புரதமும் ரத்தம் வழியா நேரா கல்லீரலுக்குப் போகும், கொழுப்பு மட்டும் நிணநீர் வழியா சுத்திட்டு வரும். இரும்புச்சத்து சிறுகுடலோட ஆரம்பத்துலயே உறிஞ்சப்படுது, சாப்ட்ட கையோட டீ குடிச்சா அதுல பாதகம்தான், ஆனா யாரு கேக்குறா. பெருங்குடலுக்கு மிச்சம் இருக்கற வேலை முக்கியமா தண்ணியும் உப்பும் உறிஞ்சுறது, அதுக்கு ஒரு நாளோ அதுக்கு மேலயோ எடுத்துக்கும்.

அப்புறம் ஏன் உடனே வருதுன்னா, இரைப்பை நெறஞ்சதும் பெருங்குடலுக்கு சிக்னல் போகும், பஸ்ல ஆள் ஏறுனதும் கண்டக்டர் முன்னாடி போங்கன்னு சத்தம் போடுவார்ல, அந்த மாதிரி பழசு நகரும். எல்லாருக்கும் உள்ளதுதான், காலைல கொஞ்சம் ஜாஸ்தி, காபி சேந்தா கேக்கவே வேணாம். பால் குடிச்ச கைக்குழந்த உடனே போறதும் இதனாலதான். ஐபிஎஸ்னு (IBS) சொல்ற குடல் எரிச்சல் கோளாறு இருக்கறவங்களுக்கும் டென்ஷன் பார்ட்டிகளுக்கும் இது ஓவரா வேலை செய்யும்.

நம்பிக்கை வரலன்னா ஒரு நாள் ஸ்வீட் கார்ன் சாப்ட்டு டைம் குறிச்சு வைங்க, அந்தத் தோல் எப்ப கண்ணுல படுதுன்னு பாருங்க. தோல் தெரியுதேன்னு பயப்படாதீங்க, கார்ன் தோல், தக்காளித் தோல், கறிவேப்பில இதெல்லாம் செரிக்க மனுசனுக்கு என்சைமே கிடையாது.

நெஜமாவே ஒட்டலன்னா அறிகுறி வேற மாதிரி இருக்கும். எண்ணெய்ப் பசையா, கடும் நாத்தமா, தண்ணி ஊத்துனாலும் ஃப்ளஷ் ஆகாம ஒட்டிக்கிட்டு நிக்கும், கூடவே வெயிட் எறங்கும், ரத்த சோகை வரும். அப்படி இருந்தாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, ராத்திரி தூக்கத்துல எழுப்பி ஓட விட்டாலோ தள்ளிப் போடாதீங்க, நேர்ல காட்டிடுங்க. நல்லா சாப்ட்டும் எளைக்குது, படபடப்பு, கை நடுக்கம், அடிக்கடி டாய்லெட்னா எனக்கு மொதல்ல தைராய்டு மேலதான் சந்தேகம் வரும், ஒரு டிஎஸ்எச் டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

நீங்க சின்ன வயசுலருந்தே ஒல்லியா, இல்ல இப்ப ஆறு மாசமா எளைச்சீங்களா, அத எழுதலயே? ரெண்டாவதுன்னா டிஎஸ்எச், ரத்த அணு, சுகர், மல டெஸ்ட் எல்லாம் எடுத்துடுங்க. மொதலாவதுன்னா ஒரு வாரம் பால் காபிய நிறுத்திப் பாருங்க, பால் ஒத்துக்காதவங்க நம்மூர்ல நெறைய. அதோட அரை மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சு டிபன முடிச்சுட்டீங்கன்னா பஸ்ஸுக்கு நிக்கறப்ப வயித்த புடிச்சுக்கிட்டு நிக்க வேண்டி வராது.