பொதுச் சேர்வரில் ஒஃபிஸ்: ஆளை எண்ணுவதா, கணினியை எண்ணுவதா? (கேள்வி பதில்)

ஒரே விண்டோஸ் சேர்வரில் பலர் ரிமோட் டெஸ்க்டொப் (தம் கணினியிலிருந்தே சேர்வரின் திரையைத் திறந்து பாவிக்கும் வசதி) வழியாக வேலை செய்யும் கந்தோர்களின் கேள்விகள்.

கோண்டாவில், கணக்காளர் கந்தோர்: அண்ணை, எங்களிட்ட 14 பேருக்கு மைக்ரோசொஃப்ட் 365 பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட் இருக்கு. லப்டொப்பில எக்ஸெல் ஒழுங்கா ஓடுது. சேர்வரில மட்டும், உங்கள் கணக்கிலுள்ள தயாரிப்பைப் பகிர்ந்த கணினியில் இயக்க முடியாது எண்டு வருது. கணக்கில பிழையோ?

கணக்கில் பிழையில்லை, வாங்கிய திட்டந்தான் பொருந்தவில்லை. பலர் பாவிக்கும் சேர்வரில் ஒஃபிஸ் இயங்க, திட்டத்தில் ‘ஷெயார்ட் கொம்பியூட்டர் அக்டிவேஷன்’ உரிமை இருக்கவேண்டும். பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட்டிலும் அப்ஸ் ஃபோர் பிஸ்னஸிலும் அது இல்லை. பிஸ்னஸ் பிரீமியம், அப்ஸ் ஃபோர் என்டர்பிரைஸ், பெரிய நிறுவனங்களுக்கான இ3, இ5 ஆகிய திட்டங்களில் உண்டு. சிறிய கந்தோருக்குப் பிரீமியம் போதும். அதன் உச்சவரம்பு 300 பேர்.

14 பேரையும் மாற்றத் தேவையில்லை. சேர்வருக்குள் வருபவர்களை மட்டும் மாற்றுங்கள், ஒரே நிறுவனக் கணக்கில் திட்டங்களைக் கலந்து வைக்கலாம். பிரீமியத்துக்குப் போனால் இப்போது போட்டிருக்கும் ஒஃபிஸையே வைத்திருக்கலாம். சேர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்) ஒஃபிஸின் கிளிக்-டு-ரன், கொன்ஃபிகரேஷன் பகுதிக்குப் போய் ‘ஷெயார்ட்கொம்பியூட்டர்லைசன்சிங்’ (SharedComputerLicensing) என்ற பெறுமதியை 1 ஆக்குங்கள். என்டர்பிரைஸ் வகை வாங்கினால் பழையதை அகற்றிவிட்டு அதற்குரிய பதிப்பைப் போடவேண்டும்.

சுன்னாகம், தரவு உள்ளீட்டு நிலையம்: 12 தின் கிளையன்ட் (சேர்வரில வேலை செய்யிறதுக்கான சின்னக் கணினி), மூன்று ஷிஃப்டில் 30 பேர். 12 லைசன்ஸ் காணுமா ஐயா?

மைக்ரோசொஃப்ட் 365 என்றால் காணாது. அது ஆளுக்கு எழுதப்படும் உரிமம். ஒரே நேரத்தில் 10 பேர்தான் இருந்தாலும் 30 பேருக்கும் வேண்டும். ‘டேட்டா1’ என்று ஒரு கணக்கைத் திறந்து மூன்று பேருக்குக் கொடுப்பது உரிம மீறல். யார் எந்தக் கோப்பில் கைவைத்தார்கள் என்பதும் தெரியாமல் போகும்.

உங்களுக்குத் தோதானது ஒஃபிஸ் எல்டிஎஸ்சி 2024 (மாதச் சந்தா இல்லாத ஒஃபிஸ்), வொலியூம் லைசன்ஸில், அதாவது நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும் உரிமத்தில். அது கருவிக்கு எழுதப்படுவது, ஆகவே 12 போதும். ஆனால் சேர்வரைத் தொடும் ஒவ்வொரு கருவியும் கணக்கில் வரும். முதலாளி வீட்டிலிருந்து தன் லப்டொப்பால் நுழைந்தால் அது 13ஆவது. எல்டிஎஸ்சியில் மின்னஞ்சல் பெட்டியோ வன்டிரைவ் (OneDrive) இணையச் சேமிப்பிடமோ கிடையாது. ஆதரவு 2029 ஒக்டோபர் வரை. கடையில் பெட்டியாக விற்கும் ஹோம் அன்ட் பிஸ்னஸை மலிவென்று வாங்கிவிடாதீர்கள், ரிமோட் டெஸ்க்டொப் சேர்வரில் அதை நிறுவ விடாது.

நல்லூர்: ஒஃபிஸ் லைசன்ஸ் இருந்தால் ரிமோட் டெஸ்க்டொப்புக்கு வேற காசு ஏன்?

இரண்டும் வேறு வேறு. உள்ளே நுழைய விண்டோஸ் சேர்வர் கல், ரிமோட் டெஸ்க்டொப் கல் என்று இரண்டு வேண்டும். கல் (CAL) என்பது சேர்வரை அணுகுவதற்கான உரிமம். நிறுவியபின் 120 நாள் சலுகை இருப்பதால் ஆரம்பத்தில் எல்லாம் ஓடும். அந்த நாட்கள் கழிந்ததும் ஒரு காலை ஊழியர் ஒருவராலும் உள்நுழைய முடியாது. பலர் அன்றைக்குத்தான் கல் பற்றியே கேள்விப்படுகிறார்கள். டொமெயின் (கந்தோரின் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சேர்வர் என்றால் கருவிக்கான கல்லையே வாங்குங்கள். ஆளுக்கான கல்லை அங்கே போட்டால், சேர்வர் 2019இல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்பு அறுந்துவிடும்.

சாவகச்சேரி: தம்பி, ஒவ்வொரு நாளும் வேர்ட் திறக்கேக்க பாஸ்வேர்ட் கேக்குது. இன்டர்நெட் இல்லாட்டி என்ன நடக்கும்?

ஒஃபிஸ் இயக்கப்பட்டதும் அந்த ஆளின் புரொஃபைலுக்குள் (சேர்வரில் அவருடைய கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடம்) ஒரு சிறு உரிமக் கோப்பு எழுதப்படும். உங்கள் சேர்வர் வெளியேறும்போது புரொஃபைலை அழிக்கிறது, அல்லது சேர்வர் இரண்டு இருந்து ஆள் மாறி மாறிப் போகிறார். கோப்பைப் பொதுப் பகிர்வுக் கோப்புறையில் வைக்க, முன்பு சொன்ன அதே ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் ‘எஸ்சிஎல்கஷ்ஓவர்ரைட்’ (SCLCacheOverride) பெறுமதியை 1 ஆக்கி, ‘எஸ்சிஎல்கஷ்ஓவர்ரைட்டிரெக்டரி’யில் (SCLCacheOverrideDirectory) அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். அதற்கு ஒவ்வொருவருக்கும் எழுதும் அனுமதி வேண்டும்.

உரிமக் கோப்பு சில நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கும், எனவே ஒரு பின்னேரம் இணையம் அறுந்தால் ஒன்றும் ஆகாது. பல நாள் இழுத்தால் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே இணையம் கட்டாயம்.

பருத்தித்துறை: மைக்ரோசொஃப்ட் 365 எஃப்3 திட்டம் மலிவா இருக்கே?

அதில் வேர்டும் எக்ஸெலும் பிரவுசரிலும் கைபேசியிலும் மட்டுந்தான், மின்னஞ்சல் பெட்டி 2 ஜிபி. களத்தில் நிற்பவர்களுக்குச் சரி, மேக்ரோ போட்ட எக்ஸெலில் சம்பளப் பட்டியல் செய்பவருக்குச் சரிவராது.

திருநெல்வேலி, அச்சகம்: லிப்ரே ஒஃபிஸ் போட்டால் லைசன்ஸ் தொல்லை முடியுமா? பழைய கோப்பெல்லாம் பாமினி எழுத்துரு.

ஒஃபிஸ் செலவு போகும், விண்டோஸ் சேர்வர் என்றால் கல் செலவு நிற்கும். லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டொப் வசதி தரும் இலவச மென்பொருள்) வைத்தால் அதுவும் இல்லை. பாமினியை தின் கிளையன்டில் நிறுவிப் பயனில்லை. சேர்வரில், எல்லாப் பயனருக்கும் என்று தெரிவுசெய்து நிறுவவேண்டும். ஒருவர் கணக்கில் மட்டும் போட்டால் மற்றவர்களுக்குத் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகத் தெரியும்.

கொக்குவில்: எங்கட சேர்வர் 2019. பிரீமியம் வாங்கலாமா?

வாங்கமுதல் சேர்வரைப் பாருங்கள். 2016, 2019 ஆகியவற்றில் மைக்ரோசொஃப்ட் 365 அப்ஸுக்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது. 2022க்கு 2026 ஒக்டோபர். புதிதாகப் போடுவதென்றால் சேர்வர் 2025ஐயே போடுங்கள். ரிமோட் டெஸ்க்டொப் கல்லும் அதே பதிப்பாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும், 2019 கல்லால் 2025 சேர்வருக்குள் நுழைய முடியாது.