காய்ச்சிய தண்ணீரும் டிடிஎஸ் மீட்டரும்

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். ஆறியபின் டிடிஎஸ் மீட்டரில் 480 காட்டுகிறது. காய்ச்சும் முன்பும் ஏறக்குறைய அதேதான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக வேறு படிகிறது. அப்புறம் காய்ச்சி என்ன பயன்? சிறுநீரகத்தில் கல் வந்துவிடுமா?

பதில்: முதலில் அந்த மீட்டரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்கிடுகிற கருவி அது. கிருமி அதற்குத் தெரியாது. ஒரு குடம் மழைநீரில் ஒரு கரண்டி சாக்கடை விழுந்தால் எண் பெரிதாக அசையாது, குடித்தவர் வயிறுதான் படாதபாடு படும்.

நீங்கள் காய்ச்சுவது கிருமிக்காக. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். கடல்மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் 3 நிமிடம் விடட்டும், அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பத்து நிமிடம் கேஸுக்குத்தான் கேடு.

அடியில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடின நீரைச் சூடாக்கினால் அப்படித்தான் பிரியும். சிறுநீரகக் கற்களில் அதிகம் காணப்படுவதோ கால்சியம் ஆக்சலேட். அது வேறு, இது வேறு. கல் வர முக்கியக் காரணம் தண்ணீர் குறைவாகக் குடிப்பது. பாத்திரத்தைப் பார்த்துப் பயந்து குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள். டிடிஎஸ் 600க்குள் இருந்தால் ருசியும் நன்றாகவே இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் இருக்கலாம். நிறம், வாசனை எதுவும் காட்டாது. காய்ச்சினாலும் போகாது; நீர் ஆவியாகிக் குறையக் குறைய செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50, ஆர்சனிக் 0.01 ஆகியவற்றைத் தாண்டினால் ஆர்ஓ கருவி தேவைப்படும். தாண்டாவிட்டால் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் மட்டும் முடிவு வரும்வரை இந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம். நைட்ரேட் அதிகமானால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாய்ந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பக்குவமாகக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, விரல் நனைய டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.