அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று: ரோபோவா, வழக்கமான முறையா?

வணக்கம். ரோபோ உதவியோடு செய்தால் அம்மா சீக்கிரம் நடந்துவிடுவாரா, அதற்காகப் பழகிய மருத்துவரை விட்டு வேறொருவரிடம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை, பெரும்பாலும் கருவியைப் பிடித்திருப்பது மருத்துவர்தான். இடுப்பெலும்பில் பொருத்தும் செயற்கைக் கிண்ணம் உட்காரும் கோணத்தையும் கால் நீளத்தையும் துல்லியமாக அமைக்க அது உதவும். அது உண்மையான நன்மை. ஆனால் வெட்டிய தசை ஆறும் வேகம் அதனால் மாறிவிடாது. ஓராண்டு கழித்து வலியையும் நடையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகெலும்பில் ஏற்கனவே திருகு வைத்து இணைத்திருந்தாலோ, மூட்டு பிறவியிலேயே சரியாக அமையாமல் இருந்தாலோ ரோபோவைப் பற்றி விசாரிப்பது நியாயம். மற்றபடி, இதை அடிக்கடி செய்து கை பழகிய மருத்துவர் என்றால் அவரையே விடாதீர்கள்.

அப்புறம், நடையைத் தீர்மானிப்பது வீட்டுப் பயிற்சிதான். பொதுவாக ஆபரேஷன் அன்றோ மறுநாளோ வாக்கரில் நிற்க வைப்பார்கள். நாற்காலியிலிருந்து எழும்போது ஆபரேஷன் ஆன காலைச் சற்று முன்னே நீட்டி, இரு கைப்பிடிகளையும் அழுத்தி எழ வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் இப்போதே உயர்த்தி வையுங்கள். குனிவது, கால் மேல் கால் போடுவது இதெல்லாம் எத்தனை வாரம் கூடாது என்பது மூட்டை முன்பக்கமாகத் திறந்தார்களா பின்பக்கமாகவா என்பதைப் பொறுத்தது. மருத்துவரிடம் எழுதியே வாங்குங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.