அம்மாவுக்குச் சோறு போடலாமா, டாக்டர்?

போடுங்கள், வயிறாரப் போடுங்கள். பெருங்குடல் புற்றுநோய்க்காக உங்கள் அம்மா கீமோவோடு பெவாசிசுமாப் ஊசியும் போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களோ 'சோற்றில் வரும் சர்க்கரைதான் கட்டியின் ரத்தக்குழாய்களை வளர்க்கிறது, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியாகிவிடும்' என்ற ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாகச் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாம் போட்ட சோறுதான் கட்டியை வளர்த்ததோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இல்லவே இல்லை. அந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீடியோ சொன்னதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை. கட்டி வளரப் புது ரத்தக்குழாய்கள் வேண்டும், அவற்றைத் தடுக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் 1971-லேயே சொன்னார். அந்த வழியில் வந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் அம்மாவுக்குப் போகும் பெவாசிசுமாப். அப்புறம் 2013-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆய்வாளர் பீட்டர் கார்மெலியட் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் தங்கள் சக்தியில் 85 சதவீதம் வரை, ஆக்சிஜனைப் பயன்படுத்தாமலே குளுக்கோஸை உடைத்து எடுத்துக்கொள்கின்றன. பிறகு வந்த ஆய்வுகளில், அந்த வேலைக்கு உதவும் ஒரு நொதியை எலிகளில் அளவோடு தடுத்தபோது கட்டியின் ரத்தக்குழாய்கள் சீரடைந்தன, நோய் பரவுவது குறைந்தது, கீமோவும் நன்றாக வேலை செய்தது. ஆனால் அளவைக் கூட்டியபோது குழாய்ச் சுவரே சிதைந்து, புற்றுநோய் செல்கள் ரத்தத்துக்குள் நுழைய வழி திறந்துவிட்டது. எலியிலேயே இவ்வளவு சிக்கல்!

அதற்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சோற்றை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோகாது. தசையைக் கரைத்தாவது கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். அம்மா இளைப்பார், அவ்வளவுதான். இளைத்த உடம்பு கீமோவைத் தாங்காது. முட்டை, பருப்பு, மீன், எது இறங்குகிறதோ அதைச் சோற்றோடு கொடுங்கள்.

உண்மையில் நான் பதறியது கடிதத்தின் கடைசி வரியைப் படித்துத்தான். போன வாரம் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்ததாம், வீட்டிலிருந்த டைக்ளோஃபினாக் வலி மாத்திரை கொடுத்தீர்களாம், தூங்கிவிட்டாராம். பெவாசிசுமாப் போடுகிறவர்களுக்கு அரிதாகக் குடலில் ஓட்டை விழும். ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து என்பதால் புண்ணும் எளிதில் ஆறாது. வலி மாத்திரை அந்த வலியை மறைத்துவிடும், குடலையும் புண்ணாக்கும். வலி இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் இன்றே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுபடி திடீரென்று வலித்தாலோ, வயிறு பலகை மாதிரி இறுகினாலோ, வலியோடு வாந்தியோ காய்ச்சலோ வந்தாலோ, நடு ராத்திரியானாலும் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே நுழைந்ததும் 'பெவாசிசுமாப் போடுகிறோம்' என்று சொல்லிவிடுங்கள். அப்படி வலிக்கும் நேரத்தில் மட்டும் வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள்.

மூக்கில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வருவதும் குரல் கம்முவதும் இந்த மருந்தில் சகஜம். மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் மட்டும் மருத்துவமனை. ரத்த அழுத்தம் 150 காட்டியதற்காக ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதற்கு மாத்திரை இருக்கிறது. எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

'ரத்தக்குழாயைப் பட்டினி போடும்' என்று ஆன்லைனில் வாங்கிய கிரீன் டீ சாறு மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அடர்த்தியான அந்தச் சாறு சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. புட்டியை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள், கல்லீரல் பரிசோதனை தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.