ஷட்டரை இறக்கினால் மாட்டுவது நீங்கள்தான்

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்ன டிபன் கடை நடத்துகிறேன். போன மாதம் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்து 'ஃபுட் சேஃப்டி' என்றார்கள். வடைச் சட்டி எண்ணெயை எட்டிப் பார்த்துவிட்டு, 50,000 ரூபாய் அபராதம், 10,000 கொடுத்தால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மச்சான் வரட்டும் என்றதும் நழுவிவிட்டார்கள். இனி யார் வந்தாலும் ஷட்டரை இறக்கிவிடச் சொல்கிறார் பக்கத்துக் கடைக்காரர். செய்யலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: செய்துவிடாதீர்கள். வந்தவர்கள் போலி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அடுத்து வருபவர் நிஜ அலுவலராக இருந்துவிட்டால்? 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 62-வது பிரிவு, தக்க காரணமில்லாமல் உணவுப் பாதுகாப்பு அலுவலரைத் தடுப்பவர், மிரட்டுபவர், தாக்குபவர், அவரைப் போல வேஷம் போட்டு வருபவர் என எல்லோரையும் ஒரே கூண்டில்தான் ஏற்றுகிறது: 3 மாதம் வரை சிறை, கூடவே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கைகலப்பு ஆகிவிட்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவும் சேரும், அதில் 2 ஆண்டு வரை. போலிகளுக்கு நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவு இருக்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குறைந்தபட்சமே கிடையாது.

சரி, நிஜ ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்பது தடுப்பது ஆகாது, தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், அதுவும் வந்தவர் கொடுக்கும் எண்ணில் அல்ல, நீங்களாகத் தேடி வைத்திருக்கும் எண்ணில். அதுவரை கதவு திறந்தே இருக்கட்டும். நிஜ அலுவலர் சாம்பாரை மாதிரி எடுத்தாலும் அதற்கு விலை கொடுப்பார், எழுத்தில் நோட்டீஸ் தருவார், நான்கு பாகமாகப் பிரித்துச் சீல் வைத்து உங்களிடம் கையெழுத்து வாங்குவார். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சுத்தமில்லை, தரமில்லை என்ற வழக்குகளில் அபராதத் தொகையை விசாரித்து முடிவு செய்பவர் தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர். கல்லாப் பக்கம் நின்று, ரசீது இல்லாமல், 50,000-ஐ 10,000 ஆக்கும் பேரமெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

நிஜ அலுவலரே அப்படிக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். வேண்டுமென்றே தொல்லை கொடுத்துச் சரக்கைப் பறிமுதல் செய்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவில் அவருக்கும் 1 லட்சம் வரை அபராதம் உண்டு. கோபத்தில் பொய்ப் புகார் மட்டும் வேண்டாம், அதற்குக் குறைந்தபட்சமே 50,000.

கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உங்களிடம் வந்த அந்த இரண்டு பேரும் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை ஏறியிருப்பார்கள்.

அப்புறம் அந்த வடைச் சட்டி. எட்டிப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியிருக்கும், அதை வைத்துத்தான் தொகையே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்தே நடப்பில் இருக்கிறது. எண்ணெயை மாற்றிவிடுங்கள்.