செட்டிநாட்டில் ராத்திரி பேய் டூர் புக் செய்யும் முன் ரிவ்யூக்களில் எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?

கேட்டவர் நண்பர்களோடு காரைக்குடி வருகிறார். பழைய செட்டியார் வீடுகளை ராத்திரியில் சுற்றிக்காட்டிப் பேய்க்கதை சொல்லும் டூர் ஒன்றைப் பார்த்திருக்கிறார். ரேட்டிங் நன்றாக இருக்கிறதாம், ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்கிறார். எனக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களை நிதானமாகப் படியுங்கள். பேய் டூரைப் பொறுத்தவரை வில்லங்கம் பெரும்பாலும் பாராட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு ஸ்டார் கொடுத்தவர்களில் பலர் "ஒரு பேயும் வரவில்லை" என்று கோபப்பட்டவர்கள். அதைத் தள்ளிவிடலாம். ஆனால் "செம திரில், பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பின்கட்டு வழியாகக் கூட்டிப்போனார், வேறு யாரும் இதைக் காட்ட மாட்டார்கள்" என்கிற மாதிரி ஒருவர் சந்தோஷமாக எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்ளே போனோம் என்பதைத்தான் அவர் தன்னை அறியாமல் சொல்லியிருக்கிறார். போலீஸ் வந்தால் கைடோடு சேர்ந்து நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு விஷயம் புரிவதில்லை. செட்டிநாட்டில் பூட்டியிருக்கும் வீடு கைவிட்ட வீடு இல்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அங்கே போட்ட முதல் பெரும்பாலும் போயிற்று. அப்புறம் பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பிழைப்பைத் தேடிப் போனார்கள். ஆனால் வீடு இன்னும் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஆளுக்கொரு பங்கு இருக்கும், சாவியும் தனித்தனியாக இருக்கும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு என்றால் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். படைப்பு என்பது வீட்டில் இறந்துபோன முன்னோருக்குச் சேலை, வேட்டி வைத்து, சமைத்துப் படைத்துக் கும்பிடுவது. இறந்தவர்கள் எங்களுக்குக் குடும்பத்துச் சாமிகள். அவர்களையே "கொலுசுச் சத்தம் கேட்கும் ஆச்சி" என்று காசு வாங்கிக்கொண்டு கதை சொன்னால் எப்படி வலிக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பங்காளி வீட்டிலேயே இது நடந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு டூர் கூட்டம் முகப்புத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் தனியாகப் படுத்திருந்தார். சத்தம் கேட்டுத் திருடன் என்று பயந்து, கதவைத் திறக்கவும் துணியாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அடுத்த வாரம் அந்த டூரின் பக்கத்தில் ஒரு ரிவ்யூ: "ஆள் இல்லாத வீட்டுக்குள் வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஐந்து ஸ்டார்." கூடவே வாசல் நிலை, பூட்டு, பக்கவாட்டுச் சந்து எல்லாம் தெரியும்படி போட்டோ வேறு. இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து தேக்குக் கதவும் தூணும் பெயர்த்து விற்கப்படும் காலம் இது. அப்படிப்பட்ட போட்டோ யாருக்கு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அக்கா அதற்கப்புறம் ஒரு மாதம் துணைக்கு ஆள் இல்லாமல் அங்கே படுக்கவே இல்லை.

அதனால் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது, கதவைத் திறந்துவிட்டது யார் என்பதைத்தான். "வீட்டுக்காரர் வந்து பேசினார்", "ஹோட்டலாக மாற்றிய வீட்டின் வளவில் உட்கார்ந்து கதை கேட்டோம்", "தெருவில் நின்றபடியே முகப்பைப் பார்த்தோம்" என்று ஏதாவது இருந்தால் நல்ல டூர். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகள் பல ஹோட்டலாக முறையாக நடக்கின்றன. அங்கே அனுமதியோடு ராத்திரிக் கதை நிகழ்ச்சி வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. எத்தனையோ ரிவ்யூ இருந்தும் ஒருவர்கூட எந்த வீடு, யார் திறந்தார்கள் என்று சொல்லவில்லை என்றால் போனில் கேளுங்கள். மழுப்பினால் வேண்டாம்.

இடத்தின் பெயரோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருமயம் கோட்டை தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே ஆட்களை விடுவதில்லை. "ராத்திரி கோட்டை மேலே ஏறினோம்" என்று ஒரு ரிவ்யூ பெருமைப்பட்டால் ஒன்று அது பொய், இல்லையென்றால் சட்டத்தை மீறிய காரியம். ராஜஸ்தானில் பேய்க்கோட்டை என்று பேர் வாங்கிய பான்கரிலும் இதே கதைதான். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை உள்ளே போகக் கூடாது என்று தொல்லியல் துறையே போர்டு வைத்திருக்கிறது. ஆனாலும் நள்ளிரவு அனுபவம் என்று விளம்பரங்கள் வருகின்றன.

அடுத்தது போலி ரிவ்யூ. 2017இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஷெட்டைச் சாப்பாட்டு ஓட்டல் என்று பதிவு செய்து, தெரிந்தவர்களை வைத்துப் பொய் ரிவ்யூ எழுதவைத்து, டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் அந்த ஊரின் முதலிட ஓட்டலாகவே ஆக்கிக் காட்டினார். இல்லாத ஓட்டலுக்கே முதலிடம் கிடைக்கும்போது நம்மூர் டூருக்கு ஐம்பது ரிவ்யூ வாங்குவது எவ்வளவு நேரம்? நம் நாட்டில் தரநிலைகளை வகுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ் 2022இல் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. காசு கொடுத்து எழுதவைத்த ரிவ்யூ கூடாது என்பது அதில் உண்டு. ஆனாலும் படிக்கிற நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கூகுள் மேப்ஸில் ரிவ்யூ வரிசையைப் புதியவை முதலில் வரும்படி மாற்றுங்கள். இரண்டு நாளைக்குள் பத்துப் பதினைந்து வந்து, அப்புறம் மாசக்கணக்கில் ஒன்றுமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். எழுதியவர் பெயரைத் தொட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் லூதியானாவில் பல் டாக்டர், கொச்சியில் ஏசி மெக்கானிக், காரைக்குடியில் பேய் டூர் என்று பாராட்டியிருந்தால் அவர் இங்கே வந்தே இருக்க மாட்டார். பழைய ரிவ்யூ எல்லாம் மட்டன் சுக்காவைப் பற்றியும் புதியதெல்லாம் பேயைப் பற்றியும் இருந்தால், ஒரு மெஸ்ஸின் பக்கத்தைப் பேர் மாற்றி அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொன்றிலும் கைடு பெயர் முழுசாக வந்து, வேறு விவரமே இல்லை என்றால், டூர் முடிந்து வேனில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டு வாங்கிய ரிவ்யூவாக இருக்கும். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கதையின் தரமும் ரிவ்யூவிலேயே தெரிந்துவிடும். தேவகோட்டையில் கேட்ட வெள்ளைச் சேலைக் கதையையே கொத்தமங்கலத்திலும் சொன்னார்கள் என்று எழுதியிருந்தால் சுட்ட கதை. நல்ல கைடு இந்தக் கதையை யார் சொன்னார், எப்போது, எந்த இடத்தில் என்று சொல்லுவார். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ட்ரெஷரர்ஸ் ஹவுஸ் என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. 1953இல் அதன் நிலவறையில் வேலை செய்துகொண்டிருந்த பிளம்பர் பையன் ஒருவர், ரோமானியப் படைவீரர்கள் சுவருக்குள்ளிருந்து வந்து நடந்துபோனதாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை, தோண்டிவைத்திருந்த இடத்தில் மட்டும் கால் தெரிந்தது என்றார். அங்கே பழைய ரோமானியச் சாலை தரைக்குக் கீழேதான் ஓடுகிறது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், ஆனால் ஆளும் வருஷமும் இடமும் உள்ள கதை அது. கேட்டுவிட்டு வந்தவர்களின் ரிவ்யூவில் அந்த ஊரின் சரித்திரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மாத் தேக்கு என்று ஒன்றுகூட எவர் ரிவ்யூவிலும் இல்லாமல் வெறும் அலறலாக இருந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அதுதான்.

ராத்திரி கருப்பர் கோயில் பொட்டலில் நிறுத்திக் கத்தவைத்தார்கள் என்று ரிவ்யூ வந்தால் அந்த டூரைத் தொடவே தொடாதீர்கள். ஊர்க்காரர்கள் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் தேவையில்லை.

பாதுகாப்புக்கு மூன்று நான்கு வார்த்தைகளைத் தேடினால் போதும்: மாடி, கிணறு, டார்ச், பாம்பு. பல வருஷமாக மழைநீர் இறங்கிய மாடித்தளம் எந்த இடத்தில் உளுத்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. "இடிந்த மாடிக்கு ஏற்றினார்", "செல்போன் வெளிச்சத்தில் போனோம்" என்பவை பாராட்டாக எழுதப்பட்டாலும் எச்சரிக்கைதான். பெண்கள் எழுதிய ரிவ்யூக்களைத் தனியாகப் படியுங்கள். முடிந்ததும் தங்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டார்களா என்பதை அவர்கள்தான் எழுதியிருப்பார்கள். ராத்திரியில் இந்த ஊர்களுக்கு இடையே பஸ்ஸை நம்ப முடியாது.

குறை சொன்னவர்களுக்கு டூர்க்காரர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்பதையும் விடாதீர்கள். மழையால் ரத்தானது, பணம் இந்தத் தேதியில் திரும்ப அனுப்பினோம் என்று சொல்லியிருந்தால் நம்பலாம். "நீங்கள் போட்டிக் கம்பெனி ஆள்" என்று எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்டியிருந்தால் நாளைக்கு உங்களுக்கும் அதே பதில்தான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தங்கப்போகும் ஹோட்டலின் ரிசப்ஷனில் அந்த டூர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குள் நல்ல பேர் இருந்தால் உடனே சொல்லுவார்கள். முழுப் பணத்தையும் தனியாள் ஜிபே நம்பருக்கு முன்கூட்டியே போடாதீர்கள். பணம் போட்டபின் ஆள் காணாமல் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். டூர் நடந்து, சொன்னது ஒன்று காட்டியது ஒன்று என்றால் 1915, அதுதான் நுகர்வோர் உதவி எண்.